மழைக்காற்றில் வாட்டிய கார்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். குரலும் பெரிது. முப்பத்தொரு வருஷம் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை பார்த்தவன் நான். அதில் கடைசிப் பதினெட்டு வருஷம் டீமேக்கர், தயாரிப்பு முழுவதற்கும் பொறுப்பு. மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய தொண்டை, ஓய்வு பெற்ற பிறகும் இறங்கி வரவில்லை. சாப்பிடும்போது உப்புக் கேட்டால் பக்கத்து வீட்டிலிருந்து உப்பு வரும். இதையெல்லாம் முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். ஏனென்றால் நான் சொல்லப்போகும் விஷயத்தில் மற்ற எல்லோரும் மெதுவாகத்தான் பேசினார்கள், அவர்கள் பேசியதெல்லாம் சரியாகவும் இருந்தது.

ஸ்டோர்க்காரனுக்குப் பகல் என்பது தூங்குவதற்கு. மாலையில் கொழுந்து வந்து சேரும், இரவெல்லாம் வாடும், விடியுமுன் அரைபடும். காலையில் நான் வீடு வந்து படுத்தால் வீடு மூச்சுக்கூட விடாது. என் மனைவி தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருந்தவள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் தங்கள் குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. அவள் வேலைக்குக் கிளம்புமுன் கோழிகளைத் தூரத்தில் கொண்டுபோய் அடைத்துவிடுவாள். மத்தியானம் சோறாக்க வந்தால் சட்டிக்கும் கரண்டிக்கும் சண்டையே வராது. முப்பத்தொரு வருஷம் அப்படி. நான் தூங்கினேன், அவள் நுனிக்காலில் நடந்தாள். அதற்காக அவளை ஒரு நாள் எங்கேயாவது கூட்டிப் போனேனா என்றால், இல்லை.

அவளுக்கு ஒரே ஓர் அக்கா. வலப்பனையில் கட்டிக்கொடுத்தது. கொட்டகலையில் இருக்கும் எங்களுக்கு வலப்பனை ஒன்றும் வெளிநாடு அல்ல. ஆனால் என் மனைவிக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது. நானுஓயா வருமுன்னே வாந்தி தொடங்கிவிடும், நுவரெலியாவில் இறங்கி அடுத்த பஸ்ஸைப் பார்த்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அக்காவுக்கோ ஒரு பக்கம் கை கால் விழுந்து, வீட்டு வாசலைத் தாண்ட முடியாத நிலை. இரண்டு பேரும் நாலு வருஷமாகப் போனில்தான் முகம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ரிட்டயர் ஆகட்டும், கார் வாங்கி ஒன்னை வலப்பனைக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

சொன்னபடியே வாங்கினேன். கினிகத்தேனையில் ஒரு ஓய்வுபெற்ற கிளாக்கரிடம் இருந்தது அந்தக் கார். நம்பர் தகட்டின் நடுவில் சிங்களத்தில் ஸ்ரீ எழுதிய காலத்து வண்டி, என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தது. பச்சை நிறம். முதுகு வளைந்து, முன் விளக்குகள் உருண்டையாக, பார்த்தால் ஒரு நல்ல குடும்பத்துப் பெரியவர் மாதிரி இருந்தது. இப்போதெல்லாம் இப்படிப்பட்ட கார்களைக் கல்யாணத்துக்கு வாடகைக்குக் கேட்கிறார்களாம். நான் கைப்பிடி இலையைக் கசக்கி மோந்து பார்த்து, எத்தனை மணிக்கு அரைக்கலாம் என்று சொல்கிறவன். அதே திமிரோடு பொனட்டைத் திறந்து என்ஜினை மோந்து பார்த்தேன். நல்ல வாசனை. கதவைத் தட்டிப் பார்த்தேன். நல்ல சத்தம். அடியில் மட்டும் குனிந்து பார்க்கவில்லை. புதுக் கால்சட்டை போட்டிருந்தேன். வருஷத்தில் பாதி நாள் மழை கொட்டும் கினிகத்தேனையில், புல்தரை மேல் நிறுத்திவைத்திருந்த காரைக் குனிந்து பார்க்காமல் வாங்கியவன் என்று என்னைப் பற்றி யார் சொன்னாலும் இனி நான் கோபப்பட மாட்டேன். ஓரளவுக்குத்தான் படுவேன்.

கார் வந்த முதல் வாரங்கள் எனக்குப் பொற்காலம். ஹட்டன் கடைத்தெருவுக்கு, கோயிலுக்கு, கிளினிக்குக்கு என்று அவளை ஏற்றிக்கொண்டு திரிந்தேன். அவள் முன்சீட்டில் உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றி, இரண்டு காலையும் மடக்கி சீட்டின் மேலே வைத்துக்கொள்வாள். எனக்கு அதில் ஒரே பெருமை. என் வீட்டுக்காரிக்குக் கார் என்றால் வீட்டுப் பாய் மாதிரி, சம்மணம் போட்டுத்தான் உட்காருவாள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன்.

மே மாதம், பெருமழை தொடங்குமுன் வலப்பனைக்குப் போவதென்று முடிவு செய்தோம். அக்காவுக்குச் சொல்லியாயிற்று. முறுக்கு சுட்டாயிற்று. புதுச்சேலையும் கட்டிக் கிளம்பியாயிற்று. முதல்நாள் பெய்த மழைத்தண்ணீர், வீட்டிலிருந்து ஒரு மைல்கூடத் தாண்டாத இடத்தில், ரோட்டுப் பள்ளத்தில் தேங்கி நின்றது. நான் வேகத்தைக் குறைக்கவில்லை. வண்டிக்கு அடியிலிருந்து ஒரு சத்தம், உடனே சேற்றுத்தண்ணீர் காருக்குள்ளேயே பீறிட்டு எழுந்து, அவள் மடியில் இருந்த முறுக்குப் பெட்டி வரை குளிப்பாட்டிவிட்டது.

காரை ஓரம் நிறுத்திவிட்டு அவள் பக்கத்து விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளங்கையைவிடப் பெரிய ஓட்டை. ரோடு தெரிந்தது. ஓட்டையைச் சுற்றித் தகடு பப்படம் போல உதிர்ந்தது. அதைவிடப் பெரிய அதிர்ச்சி, பின்னால் ரோட்டில் கிடந்த வட்டமான ஒரு தகரம். பால்மா டின்னின் மூடி. பிள்ளைக்காம்பராவில் பால் கரைத்த காலத்து மூடி ஒன்றை எங்கிருந்தோ எடுத்துவந்து, சோற்றுச்சட்டியை மூடுகிற மாதிரி அந்த ஓட்டையை அவள்தான் மூடிவைத்திருந்தாள். கார் வந்த முதல் வாரமே அவளுக்குத் தெரியுமாம். கால் மூடியில் பட்டால் அது விழுந்துவிடும் என்றுதான் காலை மேலே மடக்கி உட்கார்ந்திருக்கிறாள். பெருமைப்பட்டவன் நான்.

ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். அவள் சேலைத் தலைப்பைப் பிழிந்தபடியே சொன்னாள்:

"நீங்க அவ்வளவு சந்தோசமா ஓட்டிக்கிட்டு இருந்தீங்க. எப்பிடிச் சொல்றது."

அடியை மூடாமல் இனி ஏறமாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, வந்த ஆட்டோவை நிறுத்தி ஏறிப் போனாள். ஆட்டோ ஓட்டியவர் ஒரு காலத்தில் என்னிடம் ஸ்டோரில் வேலை பார்த்தவர். அவர் என்னைப் பார்த்தார், ரோட்டில் கிடந்த மூடியைப் பார்த்தார், ஓட்டிக்கொண்டு போனார். நான் வீட்டுக்கு வந்தபோது அவள் அக்காவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். காருக்கு உடம்பு சரியில்லை, அதனால் வர முடியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அக்காவின் குரல் எனக்கும் கேட்டது. மெதுவாக வாருங்கள், நான் இன்னும் கொஞ்ச நாள் இருப்பேன் என்றார்.

அந்த வார்த்தை எனக்கு முள்ளாகக் குத்தியது. மறுநாளே காரை ஹட்டனில் ஒரு டிங்கர் பாஸிடம் கொண்டுபோனேன். தகடு வேலையில் கெட்டிக்காரர். பாதி சிங்களம், பாதி தமிழ் பேசுவார், இரண்டிலும் சுருக்கமாகத்தான். அவர் காருக்கு அடியில் படுத்து, ஸ்க்ரூட்ரைவரால் குத்தக் குத்த, தகடு மண்ணாகக் கொட்டியது. பழைய தாரைச் சுரண்டினால் கீழே ஒட்டு, ஒட்டுக்குக் கீழே இன்னோர் ஒட்டு. ஒன்று தோட்டத்து லயத்து வீட்டுக் கூரைத் தகரம். ஒன்று தேயிலைப் பெட்டியின் ஓரத்தில் அடிக்கும் பட்டைத் தகடு. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பிஸ்கட் டின்னின் மூடி. அதில் தொப்பி போட்ட வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி எத்தனையோ வருஷமாக ரோட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கிளாக்கரையும் அவருக்கு முன்னால் வைத்திருந்தவர்களையும் நான் திட்டிய திட்டு, பாஸின் வெல்டிங் சத்தத்துக்கு மேலே கேட்டது.

பாஸ் அழுகினதையெல்லாம் வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து ஒட்டினார். துரு ஏறின இடங்களை வெள்ளைத் தகடு தெரியும்வரை தேய்த்து, செம்மண் நிறப் பூச்சு ஒன்று அடித்தார். அதற்கு மேலே தார் போன்ற கறுப்புப் பூச்சு அடிக்க வேண்டும், ஆனால் இப்போது முடியாது என்றார். கதவுக்குள்ளும் அடிச்சட்டங்களுக்குள்ளும் இன்னும் ஈரம் இருக்கிறது, ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் துருவுக்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. வீட்டுக்குக் கொண்டுபோய் நன்றாகக் காயவைத்துக் கொண்டுவாருங்கள் என்றார்.

காயவைப்பதா? எனக்கா சொல்கிறார்? பச்சைக் கொழுந்தின் ஈரத்தை இழுத்து வாட வைப்பதையே முப்பத்தொரு வருஷம் தொழிலாகச் செய்தவனிடம் வந்து, காயவைத்துக் கொண்டுவா என்கிறார். தேயிலை எப்படி வாடுகிறது என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நீளமான தொட்டியில் கம்பி வலை மேல் இலையைப் பரப்பி, ஒரு முனையிலிருந்து பெரிய விசிறியால் காற்றை ஊதுவோம். காற்று இலைக்கு அடியிலிருந்து மேலே போகும்போது ஈரத்தை எடுத்துக்கொண்டு போகும். இலைக்குச் செய்ததை இரும்புக்குச் செய்தால் என்ன?

பழைய இரும்பு வாங்கி விற்கும் முதலாளி ஒருவர் ஹட்டனில் இருந்தார். கார் வாங்கிய நாளிலிருந்தே அவர் எங்கள் வீட்டுக்கு மாதம் ஒருமுறை வந்து போவார். வருவார், தேத்தண்ணி குடிப்பார், காரைச் சுற்றி வருவார், தேங்காய் முற்றிவிட்டதா என்று பார்ப்பது போல விரல் மடக்கி அங்கங்கே தட்டிப் பார்ப்பார், போய்விடுவார். விலை கேட்டதே இல்லை. ஒருமுறை நான் எரிச்சலோடு, இதை விற்கிற எண்ணம் இல்லை என்று சொன்னேன்.

"அவசரமே இல்ல சேர்" என்றார் அன்பாக. "அது எங்க போகப்போவுது."

அவரிடம்தான் ஏதோ ஒரு மூடிப்போன ஸ்டோரில் கழற்றிய விசிறி ஒன்று இருந்தது. வாங்கி வந்தேன். வீட்டுப் பக்கத்தில் இருந்த தகரக் கொட்டகையில் காரை நாலு மரக்குற்றிகள் மேல் ஏற்றினேன். கொட்டகையின் பின்பக்கத் தகரத்தை வெட்டி விசிறியைப் பொருத்தினேன். பக்கங்களைத் தார்ப்பாயால் இழுத்துக் கட்டி, காற்று காரின் அடியால் நுழைந்து முன்பக்கத்தால் வெளியேறும்படி அசல் தொட்டி மாதிரியே செய்தேன். ஸ்டோரில் இருப்பது போல ஒரு கரும்பலகையும் மாட்டி, உள்ளே போட்ட நேரம் என்று எழுதி, வாடி முடியும் நேரம் என்பதற்கு நேரே கேள்விக்குறி போட்டேன். ஆனி மாதத்து மழை வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. விசிறியை இரவு பகலாக ஓடவிட்டேன்.

அக்கம்பக்கத்தவர்கள் பார்க்க வந்தார்கள். நான் ஒவ்வொருவருக்கும் விளக்கினேன். ஆட்டோக்காரரும் ஒரு நாள் வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு விசிறியை வெகுநேரம் பார்த்தார். பிறகு கொட்டகைக்குப் பின்னால் போய், அங்கிருக்கும் பள்ளத்தையும் அதன் அடியில் ஓடும் ஓடையையும் எட்டிப் பார்த்தார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு இருந்தது. வாறேன் ஐயா என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். என் வேலையின் நேர்த்தியைப் பார்த்து அசந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

என் மனைவி மட்டும் இரண்டு மூன்று தடவை ஏதோ சொல்ல வந்தாள். பின்னேரம் மூன்று மணிக்கு மேல் பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறி வருகிறதே, அந்த நேரத்தில் மட்டுமாவது விசிறியை நிறுத்தி எல்லாவற்றையும் மூடிவிட்டால் என்ன என்றாள். பிள்ளைக்காம்பராவில் மூன்று மணிக்கு மேல் ஜன்னலைத் திறந்துவைத்தால், காய்ந்த துணியும் திரும்ப நனைந்துபோகும் என்றாள். துணி வேறு, இரும்பு வேறு என்று நான் சொன்னேன். சொன்னேன் என்பது மரியாதைக்கு. ரோடு வரை கேட்டிருக்கும். அவள் உள்ளே போய்விட்டாள்.

வாரா வாரம் அக்கா போனில் முகம் காட்டி, கார் காய்ந்துவிட்டதா என்று கேட்பார். என் மனைவி போனை என் பக்கம் திருப்பிவிடுவாள். இன்னும் கொஞ்சம் வாட வேண்டும் என்று நான் சொல்வேன். ஒவ்வொரு வாரமும் அந்த முகம் கொஞ்சம் மெலிந்து தெரிந்தது. போன் சரியில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து தார்ப்பாயை அவிழ்த்தேன். முதலில் கண்ணில் பட்டது கார் அல்ல. அலமாரித் தட்டில் இருந்த ஸ்பேனர்கள். எல்லாம் செம்பட்டையாக இருந்தன. சைக்கிள் செயின் ஒரே கட்டியாக ஒட்டியிருந்தது. ஆணி டப்பாவைத் திறக்க முடியவில்லை. காருக்கு அடியில் தவழ்ந்து போய்ப் பார்த்தேன். செம்மண் பூச்சு மெல்லிசாக இருந்த இடங்களிலெல்லாம், புதுத்தகட்டின் மேல் மஞ்சள் பொடி பூத்திருந்தது. கதவுகளின் கீழ் ஓரத்தில் பச்சைப் பெயின்ட் அம்மை போட்ட மாதிரி கொப்புளித்திருந்தது. விரலால் அமுக்கினேன். விரல் உள்ளே போயிற்று.

அன்றைக்குப் பார்த்துத்தானா இரும்பு முதலாளி வர வேண்டும்? வந்தார். கதவைத் தட்டினார். கொப்புளம் ஒன்று பொலபொலவென்று உதிர்ந்தது. அவர் கையை எடுத்துக்கொண்டு, வருத்தமாகச் சொன்னார்.

"நானும் எவ்வளவோ இரும்பு பாத்திருக்கேன் சேர். வீட்டுக்குள்ள வச்சே இப்பிடிக் கெடுத்த ஒராளப் பாக்கல்ல."

காருக்கு அடியிலேயே படுத்துக்கிடந்தேன். அப்போதுதான் எனக்கு அந்தச் சிரிப்பின் அர்த்தம் விளங்கியது. ஆட்டோக்காரர் ஸ்டோரில் வாட்டுத் தொட்டி பார்த்த காலத்தில், ஒரு மழை நாளில் அடுப்புச் சூட்டைக் கலக்காமல் வெறும் விசிறியை ஓடவிட்டுவிட்டார். ஈரக்காற்றை ஊதினால் இலை வாடாது, இன்னும் நனையும். இது வாட்டுத் தொட்டியின் முதல் பாடம். கொழுந்தெல்லாம் கெட்டுப்போயிற்று. அவரை எல்லோர் முன்னாலும் நிறுத்தி, மூளை இருக்கிறதா என்று கேட்டேன். மூன்று நாள் வேலையிலிருந்து நிறுத்தினேன். அதே மனிதர் வந்து, பனி ஏறும் பள்ளத்துக்கு முதுகைக் காட்டி நான் விசிறி பூட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறார். பள்ளத்தின் அத்தனை மூட்டத்தையும் இரண்டு மாதம், இரவு பகலாக, இழுத்து இழுத்து என் காருக்கு ஊட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அக்காவின் முகம் நினைவுக்கு வந்தபோது பயமாகவும் இருந்தது.

குசினிக்குப் போனேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னிடம் குரல் இருக்கிறதே தவிர, இந்த மாதிரி நேரத்தில் பேசும் வார்த்தை இல்லை. கடைசியில், பிள்ளைக்காம்பராவில் மழைக்காலத்தில் துணியை எப்படிக் காயவைப்பீர்கள் என்று கேட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்கவில்லை. அதற்காகவே அவளைக் கும்பிடலாம்.

"மெதுவாப் பேசுங்க, சொல்றேன்" என்றாள்.

அன்றிலிருந்து கொட்டகை அவள் பொறுப்பு. விசிறியைக் கழற்றச் சொன்னாள். பின்பக்கத் தகரத்தை மூடச் சொன்னாள். காருக்குள் இருந்த விரிப்புகளையும் அதற்கடியில் ஒட்டியிருந்த தடித்த சணல் மெத்தையையும் பிய்த்து எடுத்தாள். பிழிந்தால் வாளியில் தண்ணீர் நின்றது. ஈரத் துணியைக் குழந்தையின் இடுப்பில் விட்டுவைத்தால் புண் வராதா என்று என்னைக் கேட்டாள். வெயில் வந்தால் பத்து மணிக்குக் கதவுகளைத் திறப்பாள். மூன்று மணி அடித்ததும் எல்லாவற்றையும் மூடுவாள். உள்ளே சீட்டுக்குக் கீழே ஒரு மஞ்சள் பல்பை எரியவிட்டாள். அடைமழை நாட்களில் துணிக்கூடைக்குள் அப்படித்தான் வைப்பார்களாம், மெல்லிய சூடு போதும், கொதிக்கவைக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு நாளும் தகட்டை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்து, அந்தத் துணியைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். கைக்குத் தெரியாத ஈரம் கன்னத்துக்குத் தெரியும் என்றாள்.

ஆனால் கதவுகள் மட்டும் காயவே இல்லை. ஒரு நாள் அவள் கதவின் அடி ஓரத்தைத் தடவிக்கொண்டே போய், இந்தக் கதவுக்குத் தண்ணீர் வெளியே போக ஓட்டை இல்லையா என்று கேட்டாள். இருக்க வேண்டும், ஆனால் கிளாக்கர் அடித்த அழகான பச்சைப் பெயின்ட் அதையெல்லாம் அடைத்திருந்தது. பால்போத்தலின் ரப்பர் அடைத்துக்கொண்டால் ஊசியால் குத்தித் திறந்த கை அது. ஊக்கு ஒன்றால் ஆரம்பித்து, என் ஸ்க்ரூட்ரைவரில் முடித்தாள். கதவுக்குள்ளிருந்து ஒரு கோப்பைக்கு மேலே சிவந்த தண்ணீர் ஒழுகியது. நிறத்தை மட்டும் பார்த்தால் நல்ல சாயம் இறங்கிய தேத்தண்ணி. நான் தயாரித்த தேயிலையிலேயே அப்படி ஒரு நிறம் சில வருஷம்தான் கிடைத்திருக்கிறது. மற்றக் கதவுகளையும் குத்தினோம். எல்லாம் ஒழுகின.

அந்த வாரத்தில் ஆட்டோக்காரரைக் கடைத்தெருவில் கண்டேன். ஆட்டோவின் அருகே போய் நின்று, மூன்று நாள் வேலையிலிருந்து நிறுத்தியது சரிதான், ஆனால் மூளை இருக்கிறதா என்று கேட்டது தவறு என்றேன். அவர் விசிறி இன்னும் ஓடுகிறதா என்று விசாரித்தார். இல்லை என்றேன். அப்படியென்றால் சரிங்க ஐயா என்றார்.

மார்கழி தொடங்கும்போது காரை மறுபடியும் பாஸிடம் கொண்டுபோனேன். புதிதாகப் பூத்த துருவைத் தேய்த்தெடுத்து, கதவுகளின் அடிக்குப் புதுத்தகடு வைத்து, திரும்பவும் செம்மண் பூச்சு அடித்தார். பிறகு சட்டங்களுக்குள் கையை விட்டுப் பார்த்தார். விளக்கடித்துப் பார்த்தார். இந்த முறை யார் காயவைத்தது என்று கேட்டார். நான்தான் என்று வாய் வரை வந்தது. என் வீட்டுக்காரி என்றேன். அவர் தலையை ஆட்டி, அவங்ககிட்டச் சொல்லுங்க மாத்தயா, நல்ல வேலை என்றார். அதற்குப் பிறகுதான் கறுப்புப் பூச்சை எடுத்தார். அடிமுழுக்கத் தடிப்பாக அடித்தார். சட்டங்களுக்குள்ளும் கதவுகளுக்குள்ளும் மெழுகு கலந்த எண்ணெயைக் குழாயால் பீய்ச்சினார். தண்ணீர் போகும் ஓட்டைகளை மட்டும் அடைக்காமல் விட்டார். மழைக்காலம் முடிந்ததும் வருஷா வருஷம் அடியைக் கழுவிக் காயவைத்துக் குனிந்து பார்க்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தந்தார். குனிந்து என்ற சொல்லை அவர் அழுத்தியதாக எனக்குப் பட்டது.

இரும்பு முதலாளி கடைசியாக வந்து ஒருமுறை தட்டிப் பார்த்தார். கிண்ணென்று கேட்டது. அவர் முகம் வாடிவிட்டது. தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார். அடுத்த மாதம் வரவில்லை.

தைப்பொங்கல் கழிந்து மூன்றாம் நாள் வலப்பனைக்குக் கிளம்பினோம். முறுக்கு மறுபடி சுட்டாயிற்று. அதே சேலை, கறை போகத் துவைத்தது. நல்ல வெயில். அவள் முன்சீட்டில் ஏறினாள், செருப்பைக் கழற்றினாள், இரண்டு காலையும் மடக்கி சீட்டின் மேலே வைத்துக்கொண்டாள்.

தலவாக்கலை தாண்டியது. நானுஓயா தாண்டியது, வாந்தி இல்லை. நுவரெலியாவில் நிறுத்தித் தேத்தண்ணி குடித்தோம். அவள் திரும்ப ஏறியதும் காலும் மேலே ஏறியது. புதுத்தகடு, இரண்டு பூச்சு, மேலே கறுப்பு, எல்லாம் செய்தும் அந்தக் கால் கீழே இறங்க மறுக்கிறதே என்று எனக்குள் குமைந்தது. கீழே வை என்று கத்தியிருக்கலாம். கத்தினால் கீழே இறங்குகிற காலா அது? ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். ஆனால் வளைவுக்கு வளைவு என் பார்வை அங்கேயே போயிற்று.

எங்கள் பக்கம் வெயில் என்றால் தை மாதத்தில் அந்தப் பக்கம் மழை. இராகலைக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டது, சாதாரண மழை அல்ல. வளைவொன்றில் ரோட்டின் குறுக்கே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஒதுங்க இடமில்லை. காரைத் தண்ணீரில் இறக்கினேன். அடித்தகட்டில் தண்ணீர் மொத்து மொத்தென்று அடித்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவளும் முறுக்குப் பெட்டியை மார்போடு பிடித்துக்கொண்டாள். கடந்துவிட்டோம்.

கொஞ்ச தூரம் போனதும் அவள் குனிந்து, விரிப்புக்குக் கீழே கையை விட்டுத் தகட்டைத் தடவினாள். பிறகு அந்தக் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். இன்னொரு முறை தடவி, இன்னொரு முறை வைத்துப் பார்த்தாள்.

"காஞ்சிருக்கு" என்றாள்.

முதலில் ஒரு காலை இறக்கினாள். அது நின்றது. மற்றக் காலையும் இறக்கினாள். இரண்டு பாதத்தையும் தட்டையாகப் பதித்து, சீட்டில் சாய்ந்துகொண்டாள். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது, ரோட்டைப் பாருங்கள் என்றாள். பார்த்தேன். அடுத்த வளைவில் திரும்பியபோது அவள் தூங்கிப்போயிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது, கால் இரண்டும் கீழே இருந்தன.

முன்னால் மரக்கறி ஏற்றிய லொறி ஒன்று ஆமையாக இறங்கிக்கொண்டிருந்தது. முந்துவதற்கு இடம் கிடைத்த இடத்திலும், ஹோர்ன் அடிக்காமல் முந்த முடியாது. வேறு நாளென்றால் அந்த லொறிக்காரன் பரம்பரையே என் வாயில் வந்திருக்கும். நான் அதன் பின்னாலேயே மெதுவாக இறங்கினேன். வலப்பனை வரும்வரை ஹோர்ன் அடிக்கவே இல்லை.